எட்டுச்செலவன்று நீ ஊற்றிய எண்ணெய்

பிரதீபன்,

நலம் விசாரிக்க நான் இதை எழுதவில்லை. உன் நலத்தைத்தான் நாள்தோறும் படம் படமாக அனுப்புகிறாயே. அவித்த பூக்கோவா, அவித்த கோழி, ஓடுகிற மெஷினில் வியர்வையோடு நீ. போன வெள்ளிக்கிழமை நீ அனுப்பிய குரல் செய்தியை மூன்று தரம் போட்டுக் கேட்டேன். என் மருமகள் சுதாவுக்குப் பிள்ளை பிறக்க இன்னும் மூன்று மாதம் இருக்கிறது, விசாவுக்கான கடிதங்களை அனுப்பியிருக்கிறாய், நான் கனடாவுக்கு வந்து ஆறு மாதம் உங்களோடு நிற்க வேண்டும். அது வரைக்கும் சரி. அதற்குப் பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாய்: "அம்மா, ஒண்டு மட்டும். இஞ்சை வந்து குசினிப் பக்கம் போகவேண்டாம். சமையலை நாங்கள் பாக்கிறம். அப்பாவுக்கு நடந்தது உங்களுக்குத் தெரியும்தானே." எனக்குத் தெரியும். உனக்குத்தான் தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியில் "லைன் தெளிவில்லை" என்று வெட்டிவிடுவாய். தாளில் எழுதினதை வெட்ட முடியாது. இதை நீ யாருக்கு வேண்டுமானாலும் வாசித்துக் காட்டலாம். நீ என்னைக் குற்றம் சாட்டியதும் ஊர் பார்க்கத்தானே.

அந்த நாளை நீ வேறு மாதிரி நினைவில் வைத்திருப்பாய், ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். அப்பா செத்த எட்டாம் நாள், எட்டுச்செலவு. செத்தவர் உயிரோடு இருந்தபோது விரும்பித் தின்றதையெல்லாம் சமைத்துப் படைக்கிற நாள். வீட்டின் பின்பக்கம் உன் மாமி, என்னுடைய மச்சாள், மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டிப் பெரிய தாச்சியில் எண்ணெய் விட்டிருந்தாள். வடைக்கு அரைத்து வைத்திருந்தது. வாழைக்காய் சீவி மஞ்சள் பிரட்டி வைத்திருந்தது. நான் பக்கத்தில் ஒரு பலகையில் குந்தியிருந்தேன். ஏழெட்டுப் பெண்கள் சுற்றிவர இருந்தார்கள். நீ உள்ளேயிருந்து வந்தாய். கொதிக்கிற எண்ணெயைப் பார்த்தாய். "உதுதான்! உந்த எண்ணெய்தான் எங்கடை அப்பாவைச் சாக்காட்டினது. அம்மா, உங்களுக்கு இன்னும் அடங்கேல்லையே?" என்று கத்தினாய். துவாயால் தாச்சியின் இரண்டு காதையும் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய்க் கிணற்றடி வேலியோரம் ஊற்றினாய். ஊற்றும்போது என் காலில் தெறித்தது. நீ திரும்பிப் பார்க்கவில்லை. மச்சாள் என் காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்க நீ முன்பக்கம் போய்க் கதிரையில் இருந்து அழுதாய். உன்னைச் சுற்றி ஆண்கள் நின்று உன் முதுகைத் தடவினார்கள். என் முதுகை ஒருவரும் தடவவில்லை. புருஷனைச் சாகடித்த பெண்ணின் முதுகை யார் தடவுவது?

அன்றைக்கு நான் ஏன் ஒரு சொல்லும் பேசவில்லை என்று நீ ஒரு நாளும் யோசித்திருக்க மாட்டாய். குற்றவாளி வாயடைத்துப்போனாள் என்று எடுத்துக்கொண்டிருப்பாய். பாதி அதுதான். நீ சொன்னது உண்மையாக இருக்குமோ என்று எனக்கே பயமாக இருந்தது. நீ சொன்னதில் உண்மையான பாதியை நானே உனக்குச் சொல்கிறேன், நீ வீடியோ பார்த்துக் கண்டுபிடிக்கத் தேவையில்லை. இருபத்தாறு வருடம் கூட்டுறவுச் சங்கக்கடையில் எண்ணெய் அளந்து கொடுத்தவள் நான். பீப்பாயில் கைப்பம்பைச் செருகி இறைத்து, போத்தல் போத்தலாக ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். மார்கழிக் காலமையில் தேங்காயெண்ணெய் உறைந்துபோய்ப் பம்பில் ஏறாது. வெயிலில் உருட்டிவைத்து இளக்கித்தான் விற்போம். எந்த எண்ணெய் மணக்கும், எது மணமில்லாமல் கலப்பாக இருக்கும் என்று மூக்காலேயே எனக்குத் தெரியும். ஆனால் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் அதை என்ன செய்கிறார்கள் என்பதை நான் பார்த்ததில்லை. என் குசினியில் நானே என்ன செய்தேன் என்பதையும் பார்த்ததில்லை.

சண்டையால் பொருளாதாரத் தடை போட்டு ஊருக்குச் சாமான் வராமலிருந்த காலத்தில் நீ சின்னவன். சங்கக்கடையில் வேலை செய்தவளுக்கே எண்ணெய் கிடையாது. அகப்பைக் காம்பில் துணி சுற்றி, எண்ணெயில் தொட்டு, கல்லில் பூசித் தோசை சுட்டேன். கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு வேண்டுமென்று நீ தரையில் புரண்டு அழுதிருக்கிறாய். அதற்குப் பிறகு எண்ணெய் தாராளமாக வந்தபோதும் என் கைக்கு ஒரு சொட்டை ஊற்ற மனம் வரவில்லை. பொரித்து மிஞ்சினதை வடித்து மூடிச்சட்டியில் வைப்பேன். அடுத்த பொரியலுக்கு அதையே எடுத்து, குறைகிற அளவுக்குப் புதுசைச் சேர்ப்பேன். அந்தச் சட்டியின் அடி எந்த மாதத்து எண்ணெய் என்று எனக்கே தெரியாது. கடும் தேத்தண்ணி நிறத்தில் இருக்கும். மிளகாய் பொரித்தாலும் அதில், கருவாடு பொரித்தாலும் அதில். அது என் பிழை. பட்ட பஞ்சத்தைச் சொல்லி அந்தப் பிழையிலிருந்து தப்ப நான் பார்க்கவில்லை. பஞ்சம் ஐந்து வருடம், நான் அந்தச் சட்டியை வைத்திருந்தது இருபது வருடத்துக்கு மேலே. நீயும் அதில் பொரித்ததைத்தான் விரலைச் சூப்பிச் சூப்பித் தின்றாய், அதையும் மறந்துவிடாதே.

அப்பாவும் பச்சைப் பிள்ளை இல்லை. யாழ்ப்பாணத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையில் முப்பது வருடம் பஸ் ஓடின மனுஷன். பருத்தித்துறை பஸ் நிலையத்தில் இறங்கினால் ஒரு தேத்தண்ணி, இரண்டு ரோல்ஸ். திரும்பி வருகிற தடவையில் ஒரு பை தட்டை வடை. எங்கள் வீட்டு ஒழுங்கைக்கு நேரே பஸ்ஸை மெதுவாக்கி, யன்னலால் அந்தப் பையை என் கையில் தந்துவிட்டுப் போவார். பயணிகள் சிரிப்பார்கள். எண்ணெய் ஊறிய அந்தப் பேப்பரை நான் ஆசையாகத்தான் வாங்கினேன். வீட்டுச் சாப்பாட்டை மட்டும் தின்று ஒரு மனுஷனுக்கு நெஞ்சு அடைக்காது. இது என்னைக் காப்பாற்ற அல்ல, கணக்கு நேராக இருக்கவேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

முதல் தடவை அவருக்கு நெஞ்சில் வந்தது பஸ்ஸில்தான். பருத்தித்துறையில் பயணிகள் ஏறிக்கொண்டிருக்கும்போது ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துவிட்டார். கொண்டக்டர் ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பிறகு யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரி. பதினொரு நாள். வீட்டுக்கு விடும்போது நாலு விதக் குளிசை, மாதம் ஒருமுறை கிளினிக். வார்ட்டில் ஒரு நேர்ஸ் பிள்ளை என்னைத் தனியே கூப்பிட்டு, "அம்மா, பொரிச்ச எண்ணெயைத் திருப்பித் திருப்பிப் பாவிக்காதேங்கோ, அது கூடாது" என்று சொன்னாள். வந்த அன்றைக்கே மூடிச்சட்டியைக் கழுவிக் கவிழ்த்தேன். கேள், பிரதீபன். நீ கிணற்றடியில் எண்ணெயை ஊற்றுவதற்கு மூன்று வருடத்துக்கு முன்பே நான் என்னுடையதை ஊற்றிவிட்டேன். யாரையும் கூப்பிட்டுக் காட்டவில்லை, அவ்வளவுதான். பொரியல் கிழமைக்கு ஒருமுறை ஆனது. தேங்காய்ப்பால் ஒருவேளைக்கு மட்டும் என்றானது. அப்பா முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிட்டார், குளிசையைப் போட்டார். ஆறு மாதத்தில் இரத்தத்தில் கொழுப்பு இறங்கியிருக்கிறது என்று கிளினிக்கில் சொன்னார்கள். அவர் அந்தக் கிளினிக் கொப்பியை எனக்குத் தூக்கிக் காட்டி, "இஞ்சாரும், நான் பாஸ்" என்றார்.

அந்த நேரத்தில்தான் நீ வந்தாய். நேரில் இல்லை, போனில். ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் பக்கத்தில் இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன், அவர் ஸ்பீக்கரில் போட்டிருந்தார். ஒவ்வொரு சொல்லும் எனக்கு நினைவிருக்கிறது. "அப்பா, உந்தக் கொழுப்புக் குளிசை ஈரலுக்குக் கூடாது. அது கொம்பனிக்காரற்றை வியாபாரம். நான் ஒரு வீடியோ அனுப்புறன் பாருங்கோ. தேங்காயெண்ணெய்தான் மருந்து. எங்கடை ஆக்கள் காலம் காலமாச் சாப்பிட்டது. செக்கிலை ஆட்டின சுத்தமான எண்ணெய், காலமை வெறும் வயித்திலை ரெண்டு கரண்டி குடியுங்கோ." அப்பா கேட்டார்: "அப்ப குளிசையை விடுறதே?" நீ சொன்னாய்: "நான் எண்டால் போடமாட்டன்." இவ்வளவுதான் நீ சொன்னது. விடுங்கள் என்று நீ சொல்லவில்லை. உனக்கு வசதியான அந்த ஓட்டை இருக்கிறது என்பது எனக்கும் தெரியும். ஆனால் கனடாவில் இருக்கிற படித்த மகன் "நான் போடமாட்டன்" என்று சொன்னால், நீர்வேலியில் இருக்கிற பஸ் ட்ரைவர் என்ன செய்வார் என்று நினைத்தாய்?

அவர் காணியில் விழுந்த தேங்காயை உரித்து உடைத்துக் காயவைத்து, செக்குக்குக் கொண்டுபோய் ஆட்டி, மூன்று போத்தலில் கொண்டுவந்தார். அருமையான எண்ணெய், அதை நான் மறுக்கமாட்டேன். காலமையில் அவர் முன்னால் இரண்டு கரண்டி ஊற்றி வைத்தது யார்? நான்தான். அது என் இரண்டாவது பிழை, மூடிச்சட்டியைவிடப் பெரியது. மூன்றாவது அதையும்விடப் பெரியது. ஒரு நாள் கிளினிக்கால் வந்தவர் குளிசை உறைகளைப் பிரித்துவைத்தார். பிறஷர்க் குளிசை மேசையில். மற்றவை மேசையில். ஒரு உறையை மட்டும் பிரிக்காமல் அலுமாரிக்குள் இருந்த பிஸ்கட் டின்னில் போட்டார். "என்ன, அதைப் போடுறேல்லையே?" என்று கேட்டேன். "தம்பி சொன்னவன் எல்லோ. நீர் ஏன் பயப்பிடுறீர்? டொக்டரிட்டைச் சொல்லிப்போடாதையும், பாவம் அந்தப் பிள்ளை, மனவருத்தப்படுவா." நான் வாயை மூடிக்கொண்டேன். கிளினிக் சொன்னதுக்கும் நீ சொன்னதுக்கும் நடுவில் நின்று, நான் உன் பக்கம் சாய்ந்தேன். ஏனென்றால் நீ என் மகன். ஏனென்றால் நீ வெளிநாட்டில் இருந்தாய். அங்கேயிருந்து வருகிற எல்லாம் நல்ல சாமான் என்று நினைத்துப் பழகிய சனம் நாங்கள்.

பிறகு உனக்கு வேறு வீடியோ கிடைத்தது. ஒரு வருடம் கழித்துப் போன் எடுத்து, "ஐயோ, தேங்காயெண்ணெய் நஞ்சு, உடனே நிப்பாட்டுங்கோ" என்றாய். ஊருக்கு வந்த உன் சிநேகிதனிடம் நாலு போத்தல் ஒலிவ் எண்ணெய் கொடுத்துவிட்டாய். அப்பா தேங்காயெண்ணெயை நிறுத்தினார். ஒலிவ் எண்ணெயை "இது நல்லது, எவ்வளவும் விடலாம்" என்று புட்டில் குளம் கட்டிச் சாப்பிட்டார். அப்போதும் நீ ஒன்று சொல்ல மறந்தாய். குளிசையைத் திரும்பத் தொடங்குங்கள் என்று சொல்ல மறந்தாய். குளிசையைப் பற்றி நீ சொன்னதே உனக்கு நினைவில்லை. எண்ணெயை மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவனுக்கு, எதை நிறுத்தவைத்தோம் என்பது நினைவிருக்குமா?

அவர் போனது பங்குனி மாதம், காலமை. வாழைக்குலைக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தவர், மோட்டர்க் கொட்டிலின் சுவரில் சாய்ந்து இருந்துவிட்டார். நான் தேத்தண்ணியோடு போகும்போது கண் திறந்திருந்தது. மிச்சம் உனக்குத் தெரியும். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து, நீ கனடாவுக்குத் திரும்பிய பிறகு, அவருடைய உடுப்பை எடுக்க அலுமாரியைத் திறந்தேன். பிஸ்கட் டின் நிரம்பி மூடி மூடாமல் இருந்தது. எல்லாம் அவருடைய பெயர் எழுதிய கடதாசி உறைகள். ஒன்றும் பிரிக்கவில்லை. மாதம் தவறாமல் கிளினிக்குக்குப் போய், வரிசையில் நின்று வாங்கிக்கொண்டுவந்து, ஒன்றையும் விழுங்காமல் அடுக்கி வைத்திருக்கிறார். இரண்டு வருடத்துக் கொழுப்புக் குளிசை. அந்த அலுமாரிக்கு முன்னால் நிலத்தில் இருந்து ஒவ்வொரு உறையாக எண்ணினேன்.

அடுத்த கிளினிக் நாளில் அந்த டின்னை ஒரு பையில் போட்டுக்கொண்டு நான் போனேன். அவருடைய கொப்பியையும் கொண்டுபோனேன். அவருடைய நம்பர் கூப்பிட்டபோது நான் எழும்பினேன். அந்த டொக்டர் பிள்ளைக்கு உன்னைவிட வயது குறைவு. டின்னைத் திறந்து மேசையில் வைத்தேன். "பிள்ளை, இவர் செத்துப்போனார். நானோ சாக்காட்டினது? ஒளிக்காமல் சொல்லுங்கோ" என்றேன். வெளியில் அறுபது பேர் காத்திருந்தார்கள். அவள் பேனையை வைத்துவிட்டு என்னை இருக்கச் சொன்னாள். "அம்மா, நீங்கள் வீட்டிலை என்ன எண்ணெய் பாவிக்கிறனீங்கள்? மாதத்துக்கு எத்தினை போத்தல் முடியும்? ஒருக்காப் பொரிச்சதைத் திருப்பிப் பாவிக்கிறனீங்களோ? தேங்காய் நாளுக்கு எத்தினை?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாம் சொன்னேன். மூடிச்சட்டியைச் சொன்னேன், வடையைச் சொன்னேன், இரண்டு கரண்டியைச் சொன்னேன், உன்னையும் சொன்னேன். கேட்டுவிட்டு அந்த உறைகளைத் திரும்ப டின்னுக்குள் அடுக்கினாள். "ஒரு ஆளுக்கு இது வாறதுக்கு ஒரு காரணமெண்டு இல்லை அம்மா. நீங்கள் இல்லையெண்டு சொன்னால் அது பொய். நீங்கள்தான் எண்டு சொன்னாலும் பொய். ஆனால் இந்தக் குளிசையைப் போட்டிருந்தால் அவருக்கு இன்னும் ஒரு சந்தர்ப்பம் இருந்திருக்கும்." இவ்வளவுதான் அவள் சொன்னது. எனக்கு அழுகை வரவில்லை. ஏதோ ஒரு மூட்டையை அவள் மூன்றாகப் பிரித்து, ஒன்றை மட்டும் என் தலையில் திருப்பி வைத்தது மாதிரி இருந்தது. மற்ற இரண்டில் ஒன்று அப்பாவுடையது. மற்றது யாருடையது என்று உனக்கு எழுதிக் காட்டவேண்டுமா?

வெளிக்கிடும்போது கேட்டேன்: "அப்ப எந்த எண்ணெய்தான் நல்லது, பிள்ளை?" அவள் சிரித்தாள். "எல்லாரும் இதைத்தான் கேக்கினம். எவ்வளவு எண்டு ஒருத்தரும் கேக்கினமில்லை" என்றாள். அதற்குப் பிறகு அவள் சொன்னதை நான் குசினியில் செய்து பார்த்துவிட்டுத்தான் உனக்கு எழுதுகிறேன், வீடியோ பார்த்துவிட்டு அல்ல. தினச் சமையலுக்கு நல்லெண்ணெய் வைத்திருக்கிறேன். தாளிக்க, வதக்க அதுதான். மணம் பிடிக்காத கறிக்குச் சூரியகாந்தி எண்ணெய், சின்னப் போத்தல். தேங்காயெண்ணெயை நான் விரட்டவில்லை. ஆனால் அது உறைகிற சாதி. அதையும் பாம் எண்ணெயையும் தினமும் பாவிக்கிற எண்ணெயாக வைக்க வேண்டாம் என்றாள். அதனால் சொதிக்கோ சம்பலுக்கோ எப்போதாவது ஒரு துளி வாசத்துக்கு. தேங்காய்ப்பால் பிழிந்த நாளில் அந்தக் கொழுப்பையும் சேர்த்துத்தான் எண்ணவேண்டும். போத்தலில் இருந்து நேரே தாச்சியில் கவிழ்ப்பதில்லை, கரண்டியால் அளந்துதான். புகை வந்தால் ஊற்றிவிட்டு மறுபடி தொடங்குவேன். ஒருமுறை பொரித்தது திரும்ப அடுப்பேறாது. ஆறவிட்டு, பழைய போத்தலில் அடைத்துக் குப்பைக்கு. எதில் ஆட்டினது, எப்போது அடைத்தது என்று தெரியாத சில்லறை எண்ணெய் இருபத்தாறு வருடம் அதை விற்ற என் வீட்டுக்குள் வருவதில்லை. நீ அனுப்பின ஒலிவ் எண்ணெயில் கடைசிப் போத்தலை மச்சாளுக்குக் கொடுத்தேன். அது கெட்ட எண்ணெய் இல்லை, நல்ல எண்ணெய்தான். அதை எனக்கு அனுப்பினவன் மேல்தான் கோபம்.

உன்னுடைய பிழை என்ன என்று உனக்கு விளங்குகிறதா? எண்ணெயில் உனக்கு ஒன்று கடவுளாக இருக்கவேண்டும், ஒன்று பிசாசாக இருக்கவேண்டும். வருடத்துக்கு வருடம் இரண்டும் இடம் மாறும். நடுவில் இருக்கிற அலுப்பான வேலை உனக்குப் பிடிக்காது. கரண்டியால் அளப்பது, மாதம் ஒருமுறை போய் நிற்பது, ஒரு சின்னக் குளிசையை ஒவ்வொரு நாளும் தண்ணீரோடு விழுங்குவது, இதையெல்லாம் படம் எடுத்து அனுப்ப முடியாது. சின்ன வயதிலும் நீ இப்படித்தான். சோதனைக்கு முதல் நாள் விடிய விடியப் படிப்பாய், மற்ற நாளில் புத்தகத்தைத் தொடமாட்டாய். அப்போது அதைக் கெட்டித்தனம் என்று ஊருக்குச் சொல்லித் திரிந்தவளும் நான்தான்.

இதையெல்லாம் ஒரு வருடம் என் வாய்க்குள் வைத்திருந்தேன். நீ அப்பாவை இழந்தவன், இதையும் உன் தலையில் போடவேண்டாம் என்று நினைத்தேன். மச்சாளுக்குக்கூடச் சொல்லவில்லை. ஊர் என்னைப் பற்றிக் கதைத்ததைக் கதைத்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். உன் குரல் செய்திக்காக மட்டும் நான் இதை உடைக்கவில்லை. அதையும் விழுங்கியிருப்பேன், விழுங்கிப் பழகிய ஆள்தானே நான். போன செவ்வாய்க்கிழமை பின்னேரம் சுதா போன் எடுத்தாள். அங்கே காலமை, வேலைக்கு வெளிக்கிட்டுக் காருக்குள் இருந்து கதைத்தாள். "மாமி, ஒரு விசயம் சொல்லோணும். அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ." பிறகு ஒரேயடியாக அழுதாள். உனக்கு இரத்தம் சோதித்தார்களாம். கொழுப்பு நல்லாக் கூடியிருக்கிறதாம். தகப்பனுக்கு இப்படி நடந்திருக்கிறது, குடும்பத்தில் வருகிற வருத்தம், தள்ளிப்போட வேண்டாம் என்று உன் டொக்டர் சொல்லிக் குளிசை தந்திருக்கிறாராம். நீ அந்தப் பெட்டியை உடைக்காமல் மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டு, "நான் எண்ணெயை முழுசா நிப்பாட்டிப்போட்டன், எனக்குக் குளிசை தேவையில்லை" என்று சொன்னாயாம். இரண்டு மாதமாம். ஆறு மாதப் பிள்ளைத்தாச்சி ஒரு முட்டை பொரித்தால் நீ எழும்பிப் போய் யன்னலைத் திறக்கிறாயாம்.

அவளோடு சண்டைக்குப் போகாதே. சொல்லுகிறேன், கேள். அவள் என்னிடம் கோள் சொல்ல வரவில்லை. உனக்கு என்ன சமைக்கிறது என்று கேட்டு நான்தான் அவளை நெருக்கினேன். அவள் சொல்லாமல் இருந்திருந்தால், நான் செய்த மூன்றாவது பிழையை அவளும் செய்திருப்பாள். புருஷன் குளிசையை ஒளிக்கிறதைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பது என்ன பலன் தரும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைக்குத் தெரியவேண்டாம்.

நான் கிளினிக்குக்குத் திரும்பப் போய் அந்த டொக்டர் பிள்ளையிடம் உன் கதையையும் கேட்டேன். எண்ணெயைக் குறைத்தது நல்லதுதான், ஆனால் சிலருக்கு உடம்பே கொழுப்பைக் கூட்டும், தண்ணியில் அவித்துத் தின்றாலும் இறங்காது, அதற்குத்தான் குளிசை, ஈரலைப் பற்றிப் பயமென்றால் இரத்தம் சோதித்துப் பார்த்துக்கொண்டே போடலாம், குளிசையைத் தந்த டொக்டரிடமே போய்க் கேட்கச் சொல்லுங்கள் என்றாள். நீ வீடியோவில் கேட்டது போதும். உன் இரத்தத்தைப் பார்த்தவரிடம் போய்க் கேள்.

நான் உன்னை மன்னிக்கவில்லை. எட்டுச்செலவன்று நீ செய்ததையும், வெள்ளிக்கிழமை நீ சொன்னதையும் மன்னிக்கவில்லை. நீ இதை வாசித்துவிட்டுப் போன் எடுத்து அழுதால் நான் எடுக்கமாட்டேன். உன் அழுகையை நான் ஒருமுறை முன்வாசலில் பார்த்தேன், அதுவே போதும். நீ என்னையும் மன்னிக்கத் தேவையில்லை. நான் ஊற்றின கரண்டிகளுக்காகவும் மூடிக்கொண்டிருந்த வாய்க்காகவும் நீ என்னை வெறுக்கலாம், உனக்கு உரிமை இருக்கிறது. வெறுத்துக்கொண்டே ஒரு கிளாஸ் தண்ணீர் எடு. லாச்சியைத் திற. இன்றைக்கே ஒன்றைப் போடு. நாளைக்கும் போடு. என்னைத் திட்டிக்கொண்டு போடு, பரவாயில்லை, குளிசைக்கு அது தெரியாது.

விசாக் கடிதங்களில் கையெழுத்து வைத்துவிட்டேன். ஆனால் பயணச்சீட்டு எடுக்கச் சொல்லவில்லை. சுதாவுக்கு ஒன்று சொல்லியிருக்கிறேன். உன் முதல் பெட்டி வெறுமையானதும் அவள் எனக்கு ஒரு சொல் அனுப்புவாள். அன்றைக்கு நான் சூட்கேஸை இறக்குவேன். வந்தால் குசினியில்தான் நிற்பேன். முதல் நாளே அந்தப் பிள்ளைக்கு ஒரு முட்டை பொரித்துக் கொடுப்பேன், ஒரு கரண்டி எண்ணெயில். யன்னலைத் திறக்க வேண்டுமென்றால் நீயே எழும்பிப் போய்த் திற. எழும்பித் திறக்க நீ உயிரோடு இருக்கவேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியது.

அம்மா